ஐம்பதாயிரமாவது கிலோமீட்டர்

மார்ச் 4

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்க காரை லாரியால இடிச்ச டிரைவர் எழுதுறேன். கேஸ் நடக்கும்போது எழுதக்கூடாதுன்னு வக்கீல் திட்டுவாரு. மனசு கேக்கலை. உங்க வீட்டு அம்மாவுக்கு இடுப்பெலும்பு கூடிடுச்சா? கம்பெனியில வண்டி தரமாட்டேங்கறாங்க. "தூண் மாதிரி நிக்காம வெங்காயமாவது உரிங்க"ங்கறா வீட்டுக்காரி. மன்னிச்சிடுங்க.

லாரி டிரைவர்

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

விசாரித்ததற்கு நன்றி. மனைவி கைத்தடியுடன் குளியலறை வரை போகிறாள். "பதினெட்டு அடி, நோட்டில் எழுதிக்குங்க" என்று என்னைக் கேலி செய்கிறாள். முப்பத்திரண்டு ஆண்டு நில அளவை வேலை. எதையும் குறித்து வைத்தே பழகிவிட்டேன். வழக்கைப் பற்றி நாம் எழுதிக்கொள்வது முறையல்ல. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
ஓய்வுபெற்ற அளவையாளன்

மார்ச் 19

ஐயா,

திங்கக்கிழமை கோர்ட்டுல தூங்கிட்டேன்னு ஒத்துக்கப்போறேன். நேரா போயிட்டிருந்தேன், திடீர்னு முன்னாடி உங்க கார். கண்ணு அசந்திருக்கணும், வேற என்ன? இருபது வருஷமா ஸ்டியரிங்ல தூங்காதவன்னு பீத்திக்கிட்டவன் நான். லைசென்ஸ் போனா போகட்டும், நஷ்டஈடு வந்து அம்மாவுக்கு வைத்தியம் நடக்கட்டும்.

டிரைவர்

மார்ச் 21

தம்பி,

ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தூங்கவில்லை.

அன்று கார் மீட்டர் ஐம்பதாயிரம் கிலோமீட்டரைத் தொட்டது. ஒவ்வொரு ஆயிரத்துக்கும் இடமும் நேரமும் எழுதுவது என் வழக்கம். எண் நழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் நடுச்சாலையிலேயே சட்டென்று காரை நிறுத்தினேன். "ஐயோ, ஓரங்கட்டுங்க" என்றாள் மனைவி. "ஒரு நிமிஷம்" என்றேன். ஆனால் நஷ்டஈட்டு மனுவில், ஓரத்தில் நின்றிருந்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று எழுதிய நோட்டுப் பக்கத்தைக் கிழித்து ஒளித்துவைத்திருந்தேன். என் ஆயுளில் நான் கிழித்த ஒரே பக்கம். 10.17 என்று எழுதியிருக்கிறது; ஏழின் கால் தாளின் அடிவரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீங்கள் மோதிய கணம் அது.

உங்கள் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "அந்தத் தாளை எடுங்க" என்றாள். அவ்வளவுதான். இன்று உங்கள் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். திங்களன்று கூண்டில் நானே சொல்வேன்.

வெட்கத்துடன்

ஏப்ரல் 20

தம்பிக்கு,

கோர்ட்டில் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்காமல் வெளியே போனீர்கள். அதன்பின் கடிதமும் இல்லை. எதிர்பார்க்க எனக்கு முகமில்லை. வழக்கை விட்டுவிட்டோம். உங்களுக்கு மறுபடி வண்டி கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மனைவி இப்போது வாசல் வரை நடக்கிறாள். தெருவில் லாரிச் சத்தம் கேட்டால், நீங்களோ என்று தடியை ஊன்றி எட்டிப் பார்க்கிறாள். நான் உள்ளேயே இருந்துவிடுகிறேன்.