விடுமுறையில் சென்ற அறிவிப்பாளர்

இன்று கண்டியில் பல்கலைக்கழகப் பழைய மாணவர் ஒன்றுகூடல். மண்டபத்தில் யாரோ ஒரு பழைய அம்ப்ளிஃபையரைப் போட்டார்கள். சூடேறிய தூசியின் வாசனை எழுந்தது. அன்று நீங்கள் அறிவிப்பாளராக இருந்த ஒலிபரப்பு அறையின் அதே வாசனை. மேடையில் நமது வானொலிச் சங்கத்தின் அந்நாள் செயலாளர் உங்களை நினைவுகூர்ந்து பேசினார். "இசைக்கு இனம் கிடையாது" என்றார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் கார் கொட்டில்களில் நின்று, மலிவான கித்தாரோடு தொண்டை கிழியக் கத்திப் பதிந்த கராஜ் ரொக் பாட்டுகள். கண்டிக் கடைகளில் பழைய இசைத்தட்டுகளைக் கிளறியெடுத்து, புதன்கிழமை மாலைகளில் வளாக வானொலியில் போடுவீர்கள். நான் தட்டு மாற்றுவேன். "சுருதி பிழைச்சாலும் பயப்பிடாமக் கத்துறாங்கள், அதுதான் வடிவு" என்பீர்கள். சிற்றுண்டிச்சாலை ஒலிபெருக்கியின் கீழே எல்லா மொழிக்காரரும் மேசையில் தாளம் போடுவார்கள். நீங்கள் யாழ்ப்பாணத்தவர் என்பது அப்போது எவருக்கும் நினைவில் இருக்கவில்லை.

தமிழருக்கு எதிரான கலவரம் வந்ததும் நினைவு வந்துவிட்டது. விடுதியில் உங்கள் அறைக் கதவை உடைத்தவர்களில் அந்தத் தாளக்காரர்களும் இருந்தார்கள்.

கம்பளையில் எங்கள் வீடும் எரிந்தது. அகதி முகாமாகிய ஒரு பள்ளிக்கூடத்தில்தான் உங்களை மறுபடி கண்டேன். செயலாளரும் அங்கே வந்தார், மடிப்புக் கலையாத சட்டையோடு. கட்டுப்போட்ட உங்கள் கையை அவர் பார்க்கவே இல்லை.

"இசைத்தட்டு அலுமாரிச் சாவி உங்களிடம்தானே? வளாகம் திறந்ததும் நிகழ்ச்சி நடக்க வேண்டும். கேட்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள்."

நீங்கள் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தீர்கள்.

"உங்களுக்குச் சூடு சொரணையே இல்லையா? எதுக்குக் குடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"பாட்டு என்ன பிழை செய்தது? பூட்டி வச்சாப் பூஞ்சணம் பிடிச்சிடும். நீர் ஏன் பல்லைக் கடிக்கிறீர்?"

நீங்கள் கப்பலேறி வடக்கே போனீர்கள். நான் வளாகத்துக்குத் திரும்பினேன். முதல் புதன்கிழமையே ஒலிபெருக்கியில் செயலாளரின் குரல்: "வழமையான அறிவிப்பாளர் விடுமுறையில் சென்றிருக்கிறார்." ஒரு தலைகூட நிமிரவில்லை. தேநீரை உறிஞ்சிக்கொண்டே தாளம் போட்டார்கள். அதன்பின் அந்த அறைப் பக்கமே நான் போகவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, போரில் ஷெல் விழுந்து நீங்கள் இறந்த செய்தி வந்தது.

இன்று அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, "நம் நண்பனுக்காக இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று மைக்கை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அவர் விடுமுறையில போகல. நீங்க துரத்தினீங்க."

உடனே யாரோ பகலுணவுக்கு அழைத்தார்கள். எல்லோரும் எழுந்து போனார்கள். நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

பாட்டுக் கேட்கும் காதை உங்களிடமிருந்து பெற்றேன். என் வீட்டில் இன்றும் அந்தக் கத்தல்தான். உங்கள் பெருந்தன்மை மட்டும் என்னிடம் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால், இன்று நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்.