டுங்குனுக்குப் போன கண்ணாடிக்காரன்

2024 மார்ச் 4, திங்கள்

இந்த மாதம் குரங்கு தயவில் வந்த முதல் வாடிக்கையாளர். புக்கிட் மலாவத்தியில் படம் எடுக்கக் குனிந்த பெண்ணின் மூக்கிலிருந்து ஸ்பெக்கைப் பிடுங்கி, மரத்தில் ஏறி, கடித்துப் பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டிருக்கிறது. ஒரு கண்ணாடி தூள். ஃபிரேமில் பல் தடம்.

மைனஸ் ஆறரை பவர். கடைக்குள் வந்து, விளம்பர அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம்தான் முதலில் பேசினார். நான் "இங்க, இங்க" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. பெயர் ரமணி. சர்வேயர். ஆற்றங்கரையை உயர்த்தும் வேலைக்கு அளவெடுக்க வந்திருக்கிறார். பிறந்தது ராசா என்ற ஊரில்.

"நீங்க எந்த ஊரு?"

"இதே கோல சிலாங்கூர்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி பொறக்கல."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்த கடை முதலாளி தவுக்கே எட்டிப் பார்த்தார். தற்காலிகமாக ஒரு பழைய ஸ்பெக் கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை வருவார்.

மார்ச் 9, சனி

வந்தார். இருபது வருடத்தில் பதினொரு ஊர் மாறியிருக்கிறாராம். பிந்துலு, அலோர் ஸ்டார், குளுவாங் — பேருந்து நிறுத்தங்களைச் சொல்வதுபோலச் சொல்கிறார். கல்யாணம் ஆகவில்லை. பாவம் என்று நினைத்தேன். நாற்பது வயதில் சொந்தமாக ஒரு அலமாரி கூடக் கிடையாதாம்.

எனக்கு நாற்பத்திரண்டு. அலமாரி இருக்கிறது. இந்தக் கடையில் இருபத்தோரு வருடம். ஊரில் யாருக்கு எந்தக் கண்ணில் என்ன பவர் என்று மனப்பாடமாகச் சொல்வேன். இதில் யார் பாவம் என்று ஏன் இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன்?

ஏப்ரல் 21, ஞாயிறு

ரமணியோடு பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பாடு. ஸ்பெக்கின் ஸ்குரூவை முடுக்க நேற்று கடைக்கு வந்திருந்தார். போன வாரமும் அதே ஸ்குரூ. அதைக் கொஞ்சம் லூசாக விட்டது நான்தான் என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 15, சனி

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போனோம். இதே ஊர்க்காரன், இதுவரை போனதில்லை என்றதும் அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "இங்கயே இருந்து என்னதான் பாத்தீங்க?" என்று கேட்டார்.

படகு ஓட்டியவர் என் வாடிக்கையாளர். இடது கண் மைனஸ் இரண்டு. என்னைப் பார்த்து, "நீ எதுக்கு இங்க வந்தே? வழி தவறிட்டியா?" என்று மலாயில் கேட்டார். ரமணி ஆறு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். மின்மினி நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

ரமணிக்கு மாற்றல். திரங்கானுவில் டுங்குன், நாட்டின் மறு கரை. ஜனவரியில் போக வேண்டும்.

ஜனவரிதானே, இன்னும் நாள் இருக்கிறதே என்று நான் விட்டிருக்கலாம். விடவில்லை. இங்கேயே ஏதாவது வேலை பாருங்கள் என்றேன். கிள்ளானில் எத்தனை கம்பெனி இருக்கிறது என்றேன். அவர் பேசாமல் இருக்க இருக்க நான் அதிகமாகப் பேசினேன். அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, அம்மா போய் ஒன்பது வருடமாயிற்று, அவரை விட்டுவிட்டு நான் எப்படி வர முடியும் என்றேன்.

"சேது, நான் உங்கள வரச் சொல்லவே இல்லையே. கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில் சொல்றீங்க?"

கார் கதவை மெதுவாகத்தான் சாத்தினார். ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 20, வெள்ளி

மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கி வந்து சாப்பிடாமல் வைத்துவிட்டேன். அப்பா சாப்பிட்டுவிட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கூடப் பிறந்த குமுதா அக்கா அடுத்த வீடுதான். நடுவில் இடுப்பளவு சுவர். துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள், நானும் சொன்னேன். அப்பாவால்தான் போக முடியவில்லை என்றதும் கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டாள்.

"டேய், ஷா ஆலாம்ல மேனேஜர் வேலை வந்தப்போ அப்பாவுக்கு முட்டிவலின்னு சொன்ன. ஈப்போ பொண்ணு வீட்டுல கேட்டப்போ அப்பாவுக்கு பிரஷர்னு சொன்ன. அவரு தெனம் ரெண்டு மைல் நடக்குறாருடா. உன்ன விட வேகமா!"

அப்பா சமையலறை சன்னலில் நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

"எனக்கு எப்படா முட்டிவலி வந்துச்சு?"

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம்தான். எஸ்டேட்டில் முப்பது வருடம் வேலை வாங்கும் மண்டோரிடம் கூடக் குரல் உயர்த்தாதவர். "எத்தன பேருகிட்ட என் முட்டியக் காட்டி வச்சிருக்க? இந்த ஊரு புடிச்சிருக்கு, இருக்கேன்னு சொல்லு. அதுல ஒரு தப்பும் இல்ல. நான் கேட்டனா உன்ன, போ இருன்னு? என்னய எதுக்குடா உள்ள இழுக்குற?"

அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். எனக்கு ஊர் பிடிக்கும் — அது பொய்யில்லை. காலையில் கோப்பிக் கடையில் உட்காரும் முன்பே என் கோப்பி வந்துவிடும். ஆனால் பயமும் இருக்கிறது. கோலாலம்பூரில் படித்தபோதே தினம் பஸ்ஸில் போய்த் திரும்பியவன்தானே நான். என்ன பயம்? புது ஊரில் ஒருத்தனும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான். அவ்வளவுதானா? அவ்வளவுதான் போலிருக்கிறது. நாற்பத்திரண்டு வயசுல இத எழுத வெக்கமாத்தான் இருக்கு.

செப்டம்பர் 23, திங்கள்

ரமணிக்குப் போன் செய்து, அப்பாவுக்கு முட்டிவலி இல்லை என்றேன். "சரி, சந்தோஷம்லா" என்றார். சிரிப்பு கேட்டது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ரமணி காலையிலேயே வந்துவிட்டார். அப்பாவோடு கேரம் ஆடி மூன்று ஆட்டம் தோற்றார். வேண்டுமென்றே தோற்றாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே மோசமாக ஆடுகிறார். அப்பா அவரிடம் அளவெடுக்கும் கருவியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓர் ஊரில் வேலை முடிந்ததும் என்ன ஆகும் என்று கேட்டார். "அடுத்த ஊருப்பா" என்றார் ரமணி. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சமையலறையில் வடை திருப்பிக்கொண்டிருந்தபோது கேட்டேன். இதற்கென்று நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் வேறு. வாயில் வந்தது இதுதான்:

"டுங்குனுக்கு நானும் வரலாமா?"

"எத்தன நாள் லீவு?"

"லீவு இல்ல."

அவர் அடுப்பை அணைத்தார். கையைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். பிறகு, முதல் முறையாக என்னை 'நீ' என்றார்.

"எனக்காக வந்தேன்னு ஒரு நாளும் நீ சொல்லக்கூடாது. சண்டையில கூட. அப்படிச் சொல்ற ஆளு கூட என்னால இருக்க முடியாது. உனக்கு வரணும்னா வா."

வருகிறேன் என்றேன். ஆறிய எண்ணெயில் வடை ஊறிப்போயிருந்தது. அக்கா வீட்டுக்காரர் கணேஸ்வரன் அத்தான் அதையும் எட்டு சாப்பிட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோயிலில் கல்யாணம். நல்ல மழை. ரமணியின் அம்மா, அண்ணன், எங்கள் பக்கம் பாதி ஊர். தவுக்கே தன்னுடைய பழைய லென்ஸ் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார் — கண்ணுக்கு என்ன பவர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போமே, அந்தப் பெட்டி. "போ சேது, இருபத்தோரு வருஷம் போதும்" என்றார் மலாயில். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

டுங்குன். ஒன்பது நாளாக மழை. இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள். ரமணி காலை ஏழு மணிக்கே போய்விட்டாள். (அவளும் நீ என்கிறாள், நானும் நீ என்கிறேன்.) மலாய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று நினைத்திருந்தேன். மீனுக்குச் சொல்லும் ஈக்கான் இங்கே 'ஈக்காங்', சாப்பாட்டுக்குச் சொல்லும் மாக்கான் 'மாக்காங்'. கடையில் நான் பேசினால் அவர்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் பேசினால் நான் தலையாட்டுகிறேன். அப்படித் தலையாட்டியதில் இரண்டு கிலோ கெரோப்போக் லெக்கோர் வந்து சேர்ந்தது. மீனும் மாவும் பிசைந்து உருட்டியது. மூன்று நாளாக அதையே சாப்பிடுகிறோம்.

ஜனவரி 24, வெள்ளி

பக்கத்து வீட்டு காக் யா — காக் என்றால் அக்கா — அந்தக் கெரோப்போக்கை விற்பவர். சுடும்போது எண்ணெய் தெறிப்பது தெரியவில்லை, கையெல்லாம் புள்ளி. லென்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு கண்ணிலும் ப்ளஸ் இரண்டரை. ஸ்பெக் செய்து தருவதாகச் சொன்னேன். பவரை என் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இந்த வாரம் நான் வெளி ஆளிடம் பேசியது அது மட்டும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். இங்கே விடுமுறை இல்லை. அக்கா பத்து மலையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டுக் கூட்டத்தைக் காட்டினாள். அப்பா ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு கையசைத்தார். வேலை கேட்டுப் போன இரண்டாவது கண்ணாடிக் கடையிலும் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ரமணி சேறும் சகதியுமாகச் சாயங்காலம் வந்தாள். சாம்பாரில் உப்பு கம்மி என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்று சொன்ன அதே வார்த்தை. "உனக்காகத்தானே இங்க வந்து கெடக்குறேன்!"

அவள் கத்தவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நாளைக்கு காலையில கோலாலம்பூர் பஸ் இருக்கு. கொண்டுபோய் விடட்டுமா?" என்றாள். கண் சிவந்திருந்தது.

ஏன் சொன்னேன்? சீ.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோல சிலாங்கூர். வந்து நாலு நாள்.

என் அறை கேரம் அறையாகிவிட்டது. போர்டை நகர்த்தினால் சாய்ந்துவிடும் என்று அப்பா என்னைக் கூடத்தில் படுக்கச் சொல்கிறார். கடையில் என் இடத்தில் ரூபினி என்று ஒரு பெண். என்னைவிட வேகமாக லென்ஸ் வெட்டுகிறாள். கோப்பிக் கடையில் என் கோப்பி கேட்காமலே வந்தது. குடித்தேன். நன்றாக இருந்தது. குடித்து முடித்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

மத்தியானம் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "போதும்டா சாமி! நாலு நாளா டுங்குன்ல அலை இப்படி, டுங்குன்ல மீன் அப்படி. அங்க இருந்தப்போ போன்ல ஒரு வார்த்த நல்லதா சொன்னியா?"

சொல்லவில்லைதான்.

சாயங்காலம் காக் யாவிடமிருந்து குரல் செய்தி. பாதி புரியவில்லை. "சேத்து, ஸ்பெக் எப்போ?" என்பது மட்டும் புரிந்தது. மூன்று முறை கேட்டேன். அந்த ஊரில் ஒருவருக்கு என் பேர் தெரிந்திருக்கிறது.

தவுக்கே கடைக்குப் போய், ரூபினியிடம் ப்ளஸ் இரண்டரையில் ஒரு ஜோடி வெட்டித் தரச் சொன்னேன்.

பிப்ரவரி 19, புதன்

டுங்குன் பஸ் நிலையத்தில் ரமணி நின்றிருந்தாள். வருவதாக நான் சொல்லவில்லை. அப்பா சொல்லியிருக்கிறார்.

"யாருக்காக வந்த?"

"காக் யாவுக்காக. ஸ்பெக் கொண்டாந்திருக்கேன்."

முதலில் முறைத்தாள். பிறகு சிரித்து, பிறகு அழுது, மறுபடி சிரித்தாள். அன்றைக்குப் பேசியது தப்பு, இனி அந்த வார்த்தை வராது என்றேன். "வந்தா சாம்பார் வைக்கவே மாட்டேன்" என்றாள். சாம்பார் வைப்பது நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன்.

காக் யா ஸ்பெக்கைப் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ இவ்வளவு கறுப்பா!" என்றார். இது நன்றாகவே புரிந்தது.

ஏப்ரல் 12, சனி

காக் யா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மார்ச்சிலிருந்து மூன்றாவது கடையில் வாரம் நாலு நாள் வேலை. மீதி நாளில் லென்ஸ் பெட்டியோடு மீன்பிடி கிராமங்கள். இன்று ஒரே கிராமத்தில் பதினேழு ஜோடிக் கண். மதியம் ஒரு வலைக்காரர் வீட்டில் 'மாக்காங்'. தெலுக் லிப்பாட் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ரமணி தூங்கிக்கொண்டிருக்கிறாள், ஸ்பெக்கைக் கழற்றாமல்.

ஜூலை 27, ஞாயிறு

இங்கே வேலை அடுத்த மாதம் முடிகிறது. ரமணிக்கு இரண்டு இடம் சொல்லியிருக்கிறார்கள்: சுங்கை பெசார் அல்லது கோல லிப்பிஸ். சுங்கை பெசார் என்றால் கோல சிலாங்கூர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. அவள் சுங்கை பெசார் என்கிறாள். அப்பாவை ஓர் ஆட்டமாவது ஜெயிக்க வேண்டுமாம். நான்தான், "லிப்பிஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டு நானே திடுக்கிட்டேன்.

அப்பாவுக்குப் போன் செய்தோம். லிப்பிஸில் மலை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றோம். யோசிக்கிறேன் என்றார். அவர் எதை யோசிக்கிறார்?

ஆகஸ்ட் 28, வியாழன்

அப்பா தனியாக பஸ் ஏறி டுங்குன் வந்து இறங்கிவிட்டார். ஒரு பை, ஒரு தலையணை, கேரம் போர்டு. லிப்பிஸ்தான் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டதால், அவரும் எங்களோடு வந்து ஒரு மாதம் இருந்து பார்க்கப் போகிறாராம். அக்கா போனில், "எங்கிட்ட காலையிலதான் சொன்னாரு, நிறுத்த முடியல" என்றாள். அவளுக்கும் சிரிப்பு.

ஆகஸ்ட் 30, சனி

சாமான் ஏற்றியாகிவிட்டது. லென்ஸ் பெட்டி என் காலடியில். காக் யா ஐந்து கிலோ கெரோப்போக் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று அழுதுகொண்டே காரை எப்படிப் பின்னுக்கு எடுப்பது என்று எனக்குச் சொல்லித்தருகிறார். ரமணி வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போயிருக்கிறாள். லிப்பிஸுக்கு வழி அவளுக்கும் தெரியாதாம், பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

அப்பா பெல்ட் போட்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.