ஊமையாக ஆடிய ஆட்டம்

ஒசாகா, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு வெண்மதியின் வணக்கம். முட்டிவலி தேவலையா? அப்பாவுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட்?

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு வேடிக்கை கேள். ஆறாம் வகுப்பிலிருந்து செத்துச் செத்து விளையாடுகிறேனே, அந்த வாள்சண்டை வீடியோ கேம்? நான்கு பாகம் வந்தும் முதல் பாகத்துக் கோட்டை வாசல் அரக்கனிடம் இன்னும் தோற்றுக்கொண்டிருந்தேன். நேற்று முதல்முறையாக ஹெட்போன் மாட்டி ஆடினேன். அவன் வாளை வீசுவதற்கு முன் இடுப்பு மணி லேசாகக் குலுங்குகிறது! கேட்டதும் விலகினேன். மூன்றாம் முறை விழுந்துவிட்டான். எவ்வளவு நேர்மையான ஆட்டம் பார்! இத்தனை வருடமும் சொல்லிவிட்டுத்தான் அடித்திருக்கிறான்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எங்கே கேட்டது? "அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு தூங்கினு இருக்காரு, சத்தத்த கொறடி" என்பாய். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஊமையாகவே ஆடியிருக்கிறேன்.

ஜெயித்ததும் ஹெட்போனைக் கழற்றினேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

வறுத்த முந்திரி அனுப்பு. அப்பா பகலில் தூங்கும்போது அவர் குறட்டையையும் போனில் பதிந்து அனுப்பு, அவரிடம் சொல்லாதே. அதை ஹெட்போனில் போட்டுக்கொண்டு ஆடப்போகிறேன். மணி கேட்காமல் தோற்றாலும் பரவாயில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

வெண்மதி