பேக்கேஜில் என் பெயர்

ஜூன் 10
லாட்ஜ் அறைப்பதிவு மென்பொருளை இனி ஒவ்வோர் இயந்திரமாகப் போய் நிறுவ வேண்டியதில்லை. ஒரே பேக்கேஜாகக் கட்டி, திருப்பதி அலுவலகத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடலாம். புது லினக்ஸ் இயந்திரங்களுக்குக் கட்டி முடித்தேன். திருச்சானூர் லாட்ஜ்களில் இருப்பவை பழையவை. இதே பேக்கேஜ் அங்கே போனால் உள்ளதும் கெடும். அவற்றுக்குத் தனியாகக் கட்டி, முதலில் ஒன்றில் போட்டுப் பார்க்கவேண்டும். முதலாளி கிருஷ்ணப்பாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு பஞ்சாங்கம் பார்த்தார்.

கட்டியவர் பெயருக்கு பேக்கேஜில் ஓர் இடம் உண்டு. கோளாறு வந்தால் திரையிலும் தெரியும். எழிலரசன் என்று போட்டேன். அற்பப் பெருமை.

ஜூன் 12
புதன். பன்னிரண்டுக்கு ராகுகாலம். சர்வருக்குக் கற்பூரம் காட்டியாயிற்று. பழையவற்றுக்கு இன்னும் முடியவில்லை என்றேன்.

"நல்ல நேரம் போய்க்கினு இருக்குது எழிலு. நீ அப்பால மெதுவா கட்டிக்கோ."

எல்லா இயந்திரங்களையும் தேர்ந்தெடுத்து, அவரே பட்டனை அழுத்தினார்.

ராகுகாலம் பிறக்குமுன் திருச்சானூர் முழுக்க நின்றுவிட்டது. எதுவும் கெட்ட நேரத்தில் நடக்கவில்லை.

ஜூன் 13
இயந்திரம் நின்றதால் லாட்ஜில் கையால் எழுதிக் கொடுத்ததில் ஒரே அறைக்கு இரண்டு கல்யாணக் கோஷ்டி. லாட்ஜ்காரர்கள் கத்துகிறார்கள். யார் செய்தது என்று முதலாளி கேட்டார் — என்னை! யார் அழுத்தியது என்பது சர்வரில் பதிவாகியிருக்கிறது. காட்டினேன்.

"மெஷினு உன் கையில இருக்குது. நீ மாத்தி எழுதலன்னு இன்னா நிச்சயம்? காணிப்பாக்கம் வா. பிள்ளையார் முன்னால சொல்லு."

மறுத்தால் நான்தான் என்று ஆகிவிடும். நாற்பத்தாறு வயசுல வேலை போனா எவன் கூப்புடுவான்?

ஜூன் 15
காணிப்பாக்கம். பொய்ச் சத்தியம் செய்தவனை இந்தப் பிள்ளையார் விடமாட்டார் என்பது நம்பிக்கை. குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு சத்தியம் செய்தேன்: அழுத்தியது நான் இல்லை. பக்கத்தில் முதலாளி கண்மூடி நின்றார். அவரைச் சத்தியம் செய்யச் சொல்ல அங்கே ஆள் இல்லை. எனக்கும் வாய் வரவில்லை.

திரும்பும் வழியில் டிபன் வாங்கிக் கொடுத்தார்.

"நீ அழுத்தல, ஒத்துக்கிறேன். ஆனா பேரு உன்துதான இருக்குது?"

இட்லி நன்றாக இருந்தது.

ஜூலை 1
நாளையிலிருந்து வரவேண்டாமாம்.

நவம்பர் 7
அக்கா மகள் கல்யாணம். திருச்சானூரில் லாட்ஜ். வரவேற்பில் இருந்த பெண் என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அட்டையை.

"சார், இது நின்னுபோனா இந்தப் பேருதான் வருது. நாங்க இந்தாளத்தான் திட்டிக்கினு இருந்தோம்."

இப்போது திட்டுவதில்லையா என்று கேட்டேன்.

"கம்பெனிக்கு போன் போட்டோம் சார். அவரு செத்துட்டாருன்னாங்க. அப்பால வுட்டுட்டோம். பாவம்."

நிறையப் பேருக்கு வைக்கிற பெயர்தான் அம்மா என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டேன்.