சுவருக்கு மேலால் சொன்ன பொய்

அக்கா,

இன்றைக்குச் சாயந்தரம் என் மூக்கின் வலது பக்கம் திறந்தது. பாலர் பாடசாலையைப் பூட்டிவிட்டு மலைப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தேன். மேல் லயத்து வீட்டு வரிசையில் யாரோ மிலாறு எரித்தார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி எரியும்போது வருகிற அந்தக் கசப்பு மணம், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேராக மண்டைக்குள் ஏறியது. நியாயப்படி நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாதையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். பின்னால் வந்த இரண்டு பேர் "என்ன டீச்சர்?" என்றார்கள். சளி என்றேன். என்னுடைய சளியை இந்தத் தோட்டத்தில் நம்பாதவர்கள் இல்லை.

லயத்தில் அடுத்தடுத்த அறைகளான உங்கள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரை போகாது. கட்டியவன் ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டுப் போதும் என்று போய்விட்டான். அதற்கு மேலால் எல்லாம் வரும். நீங்கள் தாளிக்கிற சத்தம், கொழும்பில் வேலை செய்யும் உங்கள் மகளின் போன் கோல், அடுப்புப் புகை. என் பக்கத்திலிருந்து உங்களுக்கு வந்தது என் மூக்குச் சத்தம். இடது பக்கம் படுத்தால் இடது அடைக்கும், திரும்பினால் வலது அடைக்கும்.

"தங்கச்சி, ஒம் மூக்கு நம்ம ஊரு பஸ்ஸு மாதிரி. இந்தப் பக்கம் ஆள எறக்குனா அந்தப் பக்கம் ஏறிக்குது" என்று இருட்டுக்குள்ளிருந்து சொல்வீர்கள். கோபமாக இருந்தாலும் சிரித்துவிடுவேன்.

மலையிலிருந்து வரும்போது கூடையின் அடியில் தைல மணமுள்ள டர்பன்டைன் மரத்து இலை ஒடித்துப் போட்டுக்கொண்டு வருவீர்கள். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கையால் தண்ணீர் கொதிக்கவைத்து, என் தலையில் போர்வையைப் போட்டு மூடி, "இழு, நல்லா இழு" என்று பக்கத்தில் நிற்பீர்கள். அரை மணி நேரம் உலகம் நல்லதாக இருக்கும். பிறகு பழைய கதை. அதனால்தான் டவுனில் பாமசியில் கேட்டு அந்தச் சின்ன மூக்குமருந்துப் போத்தலை வாங்கினேன். இரண்டு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் மூச்சு வரும். நடுச்சாமத்தில் முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும், மறுபடி இரண்டு சொட்டு. "அது என்னா, கோயில் தீர்த்தம் மாதிரி தலமாட்டுலயே வச்சிருக்க?" என்று நீங்கள் ஒருநாள் கேட்டீர்கள். உங்களுக்கு ஏதோ பிடிபட்டிருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சாயந்தரத்தை எப்படி எழுதுவது? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைத்தீர்கள். புகை சுவரைத் தாண்டியது. நான் கத்தினேன்.

"ஒங்க அடுப்பு எரியிற வரைக்கும் எனக்கு மூச்சு இல்லக்கா! பக்கத்துல ஒரு மனுசி இருக்கான்னு நெனப்பு வேணாமா?"

நீங்கள் விறகை இழுத்து அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரி தங்கச்சி. பாத்துக்கிறேன்" என்றீர்கள்.

மறுநாள் லயத்துக்குப் பின்னால், கோடியில், மூன்று கல்லும் மேலே இரண்டு தகரமும் இருந்தன. அந்த அடுப்புத் தணலில் கால் காட்டித்தான் நீங்கள் தூங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தக் குளிரில் உங்களுக்கு இருந்த ஒரே சூடு அதுதான். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அசதியாக இருந்திருக்கும். காலையில் சுவருக்கு மேலால் உங்கள் குரல் வந்தது. "மூக்கு எப்படி?"

"நல்லா இருக்குக்கா."

அது உண்மை. மூன்றாம் நாள், புகையே இல்லாத ராத்திரியில், மூக்கு பழையபடி அடைத்தது. காலையில் நீங்கள் மறுபடி கேட்டீர்கள். அவ்வளவு கத்திவிட்டு, புகையால் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? "நல்லா இருக்குக்கா" என்றேன்.

"அப்பாடா. நீ தூங்குனாத்தான் எனக்கும் தூக்கம் வருது."

அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டீர்கள்! எத்தனை தடவை அதே பதில்! உங்களுக்குக் கேட்கக்கூடாது என்று முகத்தில் துவாயை அமுக்கிக்கொண்டு வாயால் மூச்சு விடப் பழகினேன். இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. நீங்கள் தலையில் படங்குத் துணியைப் போட்டுக்கொண்டு கோடியில் குந்தி, சாரலில் நனைந்த மிலாறை ஊதி ஊதி ஒரு பானைச் சோறு ஆக்கினீர்கள். இருமல் அங்கேதான் தொடங்கியது. நெஞ்சுச்சளி என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வேன் உங்களைப் பெட்டியில் கொண்டுவந்தது. அடுப்பைக் கோடிக்குக் கொண்டுபோனதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் மூக்கு டொக்டரிடம் போனேன். என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். போத்தலைக் காட்டினேன். எவ்வளவு காலமாக என்றார். வருடக்கணக்கில் என்றேன். அவர் சிங்களவர், தமிழைத் தேடித் தேடிப் பேசினார். "இது கொஞ்ச நாள்தான் போடணும். நிறைய நாள் போட்டா, இதுதான் மூக்கை அடைக்கிறது."

"புகை?"

"புகை கொஞ்சம் கூட்டும். உங்களுக்கு அடைச்சது இது."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் பொறுமையாக அதையே சொன்னார். நான் பஸ்ஸில் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு விரல் நீளம்கூட இல்லை.

அதை நிறுத்திய முதல் ராத்திரிகளில் படுக்கவே முடியவில்லை. நம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைத்தேன். உங்கள் காம்பராவுக்கு இப்போது வேறு குடும்பம் வந்திருக்கிறது. நல்ல மனிதர்கள். கேஸ் அடுப்பு வைத்திருக்கிறார்கள், சுவருக்கு மேல் இருந்த இடைவெளியைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கமிருந்து எதுவும் வருவதில்லை.

நாளைக்கு இடது பக்கமும் திறக்கலாம். திறந்து என்ன செய்ய? நன்றாக மூச்சு விடுகிற ஒவ்வொரு ராத்திரியும், நீங்கள் வெளியே போயிருக்கவே வேண்டாம் என்றுதான் எனக்குச் சொல்லப்போகிறது. "மூக்கு எப்படி?" என்ற அந்த ஒரு கேள்விக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இன்னும் என் வாயில் இருக்கிறது. பலகையைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை கேளுங்கள்.

நல்லா இல்லக்கா. அடைச்சுத்தான் இருக்கு. ஒங்க பொகையால இல்ல. அடுப்ப உள்ள கொண்டு வாங்க, மழை வருது.