கைதட்டும் விதியை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா,
ஓய்வுபெற்ற நூலக எழுத்தர்,
சலவைக் கடை மாடி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: பள்ளியின் குழு வழிகாட்டல் வகுப்பால் என் பேத்திக்கு நேர்ந்த அவமானம் குறித்து.

மதிப்பிற்குரிய அம்மா,

இம்மனுவில் உள்ளவை: 1. வகுப்பு நடக்கும் முறை. 2. அதனால் நேர்ந்தது. 3. ஆசிரியையின் வற்புறுத்தல். 4. கோரிக்கை. புகார் எழுதிப் பழக்கமில்லை; பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. புதன்தோறும் கடைசிப் பாடவேளையில், தன்னம்பிக்கை வளர்ப்பதாகச் சொல்லி, வழிகாட்டல் ஆசிரியை முப்பத்தாறு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்கிறார். ஒருவர் நடுவில் நின்று தம் குறையைச் சொன்னதும் மற்றவர்கள் மூன்று முறை கைதட்ட வேண்டும். இது விதி. கேட்ட குறையை வெளியே கொண்டுபோய் என்ன செய்யக் கூடாது என்பதற்கு விதி எதுவும் இல்லை.

2. என் பேத்திக்குப் பேச்சு திக்கும். வட்டத்தில் அதைச் சொன்னாள், தட்டினார்கள். மறுநாள் வருகைப்பதிவின்போது திணறினாள், அப்போதும் தட்டினார்கள். குழாயடியில், மாடிப்படியில், பேருந்தில், அவள் வாய் திறந்தால் மூன்று தட்டு. கேட்டால், "டீச்சர்தானே தட்டச் சொன்னாங்க" என்று சிரிக்கிறார்களாம். பதினொரு நாளாக அவள் பள்ளிக்குப் போகவில்லை. இன்னும் நான்கு நாள் விட்டால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது என்று சீட்டு வந்திருக்கிறது.

அவளை அழைத்துக்கொண்டு போய் முறையிட்டேன். "ஊக்கப்படுத்தத்தாங்க ஐயா தட்டுறாங்க. போகப் போகச் சரியாயிடும்" என்றார் ஆசிரியை. எரிகிற வீட்டின் முன் நின்று வெளிச்சத்தைப் புகழ்வது போலிருந்தது. பிறகு அவளிடம், "நீ என்னம்மா நினைக்கிற?" என்றார். நான் பதில் சொன்னேன். "உங்களைக் கேக்கலீங்க" என்றார். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் குரல் உயர்த்தவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

3. கூச்சமுள்ள பெண்ணை ஆசிரியை வற்புறுத்தி நடுவில் நிறுத்தியிருக்கிறார். தானாக அவள் எழுந்திருக்க வழியே இல்லை. அவளை எனக்குத் தெரியும்.

4. எனவே, கைதட்டும் விதியை ரத்து செய்து, கேலியை ஆசிரியையே பிள்ளைகள் முன் கண்டித்து நிறுத்தவும், பதினொரு நாளை அனுமதித்த விடுப்பாகக் கொள்ளவும், அந்த ஆசிரியையை அவ்வகுப்பிலிருந்து விலக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: பிப்ரவரி 19
(கையொப்பம்)

பின்சேர்க்கை: நகல் எடுக்கையில் பேத்தி இதைப் படித்து, மூன்றாம் எண் பத்தியின்மேல் விரலை வைத்தாள். யாரும் வற்புறுத்தவில்லையாம், அவளே கை தூக்கினாளாம். சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனதாம். அதுவரை ஆசிரியை ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தாராம். "வீட்டுல எல்லாத்தையும் நீங்களே முடிச்சுடறீங்க தாத்தா" என்றாள். இதைச் சொல்லவும் நேரமாயிற்று. இரண்டு முறை முடித்துக் கொடுக்கப் போய் நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் எண்ணில் நான் எழுதியது தவறு. அதையும், ஆசிரியையை விலக்கக் கேட்டதையும் திரும்பப் பெறுகிறேன். மற்றவை அப்படியே நிற்கின்றன. மனுவை அவளே உள்ளே கொண்டுவருவாள். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். முடித்ததும் தட்டவும் வேண்டாம்.