கருந்துளையின் பலத்தைக் குறைக்கச் சொன்னவனுக்கு

முந்தலில் உன் வாப்பாவின் இறால் குளத்தை நேற்று வற்ற வைத்திருந்தார்கள். வரம்பில் ஏறியதுமே சேற்று வாடை மூக்கில் ஏறியது. உன்னை நினைக்க எனக்குக் காரணம் வேண்டியதில்லை. என்றாலும் நேற்று அந்த வாடையோடுதான் வந்தாய்.

கொழும்பில் ஒரே கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நாம் சண்டை பிடித்தோம். பேரடைகள், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் கொண்ட மண்டலங்கள், கூட்டமாய் நிற்கும் இடத்தில் ஈர்ப்பு மிகுதி. அவற்றுக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி வளையும். கூட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பேரடையும் தன் பங்குக்கு வளைக்கும். தொலைநோக்கிப் படங்களில் அவை வளைத்த அளவுக்கு, நாம் கணினிக்குள் செய்த பேரடைகள் வளைக்கவில்லை. எங்கே பிழை என்பதுதான் நம் வழக்கு.

நீ கருந்துளையைக் கைகாட்டினாய். பேரடையின் நடுவில் இருந்துகொண்டு அது வாயுவை வெளியே தள்ளுகிறது. நாம் அதற்குக் கொடுத்த பலம் கூடிவிட்டது, அதனால் நடு இளகி, ஒளி வளைவதும் குறைகிறது என்றாய்.

"வாப்பாட குளத்துச் சில்லு மாதிரித்தான் மச்சான். வேகமாச் சுத்தினா நடுவுல சேறு ஒண்டும் அடையாது. கொஞ்சம் கொறச்சுப் பாரு."

தண்ணீருக்குக் காற்றூட்டும் சில்லை வைத்து வானத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முந்தல்காரனால்தான் முடியும் என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

குறைத்தேன். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே நீ போய்விட்டாய். காய்ச்சல் என்றார்கள். என் ஊர் உடப்பிலிருந்து நான் வந்து சேருமுன் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

முடிவு சென்ற வாரம் வந்தது. ஒளி கூடுதலாக வளைந்தது. அதுவரை நீ சொன்னபடிதான். ஆனால் நடுவில் தங்கிய வாயு வாயுவாக இருக்கவில்லை. குளிர்ந்து நட்சத்திரங்களாகிவிட்டது. வானத்தில் எங்கும் காணாத அளவுக்குப் பேரடைகள் கொழுத்துப்போயின. குளத்தில் அடைந்த சேறு சேறாகவே கிடக்கும். அந்த ஓர் இடத்தில்தான் நீ சறுக்கினாய்.

வரம்பில் வாப்பா நேராகவே கேட்டார்: "மகன் செல்லினது சரியா ஈக்கா, தம்பி?"

ஓம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதருக்கு அது ஆறுதல். பொய் என்று யாரும் வந்து சொல்லப்போவதுமில்லை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முடிவை வளைத்து எழுதுகிறவர்களை நீ மனிதராகவே மதித்ததில்லை.

"பாதிதான் சரி வாப்பா. மற்றப் பாதி பிழைச்சுப் போச்சு."

அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிழையெண்டாலும் உங்கட கட்டுரையில அவன்ட பேர் வருமா?"

"ஓம். முதல் பேரே அவன்டதான்."

"அப்ப பிழையெண்டே எழுதுங்க."

எழுதிவிட்டேன். உன் யோசனை முழுதாக இருக்கிறது. அது எங்கே விழுந்தது என்பதும் இருக்கிறது. வழக்கு மட்டும் தீரவில்லை. நீ இல்லாதது எனக்கு உறைப்பது இதில்தான்: உன்னைப் பிழை என்று காட்டிவிட்டேன், எழுந்து மறுக்க நீ இல்லை. என் கணக்கில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று, உன் பக்கம் நின்று நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.